மிகையும் குறையும்

சேலம் மாவட்டத்தில், மேட்டூர், எடப்பாடி ஆகிய ஊர்களுக்கு அண்மையில் அமைந்தது ஜலகண்டாபுரம். நெசவுத் தொழிலால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கோடையில் எவரேனும் தலைச்சுற்றலால் வருந்தினால், “பித்தம் கூடிவிட்டது” என்பர் வீட்டு முதியோர். மூட்டு வலித்தால் வாதம் என்பர். மார்பில் சளி கட்டினால் கபம் என்பர். உருளைக்கிழங்கு வாயு, மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்பன அவர்தம் முடிபுகள். தமிழ்நாடெங்கும் வழங்கும் இப்பேச்சுக்கு அடிப்படையாய் நிற்பது சித்த மருத்துவத்தின் முக்குற்றக் கொள்கையாகும்.

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் உடலை இயக்குகின்றன என்பது அக்கொள்கை. இவற்றையே வாதம், பித்தம், கபம் என்றும் வழங்குவர். மூச்சும் அசைவும் வளியின் தொழில். செரிமானமும் உடற்சூடும் அழலின் தொழில். உடலுக்கு உறுதியும் நெய்ப்பும் தருவது ஐயம். இவை முறையே ஒன்று, அரை, கால் என்னும் அளவில் நின்றால் உடல் நலமுற்றிருக்கும். அளவு பிறழ்ந்தால் பிணி தோன்றும். மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, சுட்டுவிரலால் வாதத்தையும், நடுவிரலால் பித்தத்தையும், மோதிர விரலால் கபத்தையும் உணர்வர். சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு நோக்குவதும் உண்டு. அத்துளி பாம்புபோல் நீண்டால் வாதம். மோதிரம்போல் பரந்தால் பித்தம். முத்துப்போல் நின்றால் கபம். கருவிகள் இல்லாத காலத்தில், கண்ணாற் காண்பதைக்கொண்டு காணாததை அறிய முயன்ற அவர்தம் கூர்மை வியக்கத்தக்கது. 1964-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் தொடங்கப்பெற்ற அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இம்மருத்துவம் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பது. அதன் பத்துப் பாக்களுள் வளி முதலிய மூன்றையும் சுட்டுவது முதற்பா ஒன்றே. அடுத்த ஆறும் உணவின் அளவைக் கூறுகின்றன. எஞ்சிய மூன்றும் நோயையும் மருத்துவனையும் பற்றியன. முதற்பாவிற்கு உரை கண்ட பரிமேலழகர், மிகுவதும் குறைவதும் உணவும் செயலும் என்று கொண்டார். நுட்பமான உரை இது. ஒருவன் உடலில் பித்தம் எவ்வளவு உளது என்று அளந்து காட்டல் அரிது. அவன் உண்ட களி எத்தனை உருண்டை, குழித்தறியில் நெய்த துணி எத்தனை முழம் என்பவற்றை எவரும் அளக்கலாம்.

கிரேக்க நாட்டிலும் இதனை ஒத்த கொள்கை நிலவியது. குருதி, சளி, மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என்னும் நான்கும் சமமாக நிற்றலே நலம் என்று இப்போக்கிரட்டீசு வழிவந்தோர் கருதினர். மிகுந்ததை வடித்துவிட்டால் சமநிலை மீளும் என நம்பி, ஐரோப்பிய மருத்துவர் நோயாளிகளின் குருதியை வடித்தனர். 1799-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவராயிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயுற்றார். ஒரே நாளில் பலமுறை அவர்தம் குருதியை வடித்தனர். அன்றிரவே அவர் இறந்தார். பின்னர்ப் பாரிஸ் நகர மருத்துவர் பியேர் லூயி, நிமோனியாக் காய்ச்சலால் வருந்தியோரை எண்ணிப் பட்டியலிட்டு, 1835-இல் நூலாக வெளியிட்டார். குருதி வடித்தலின் பயன் மருத்துவர் நம்பியதைவிட மிகச் சிறிது என்பது அவ்வெண்களால் புலனாயிற்று. ஈராயிரம் ஆண்டு நம்பிக்கையை அசைப்பதற்கு எண்ணத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது!

ஆயினும், சமநிலை என்னும் கருத்து அழிந்துவிடவில்லை. புதிய பொருள் பெற்றது. பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு, உடலின் உட்சூழல் மாறாது காக்கப்படுவதை 19-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். அமெரிக்கரான வால்டர் கேனன் 1926-இல் அதற்கு ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயரிட்டார். உடற்சூடு ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசு. குருதியின் காரத்தன்மையைக் காட்டும் எண் 7.35 முதல் 7.45 வரை. நுரையீரலும் சிறுநீரகமும் இவ்வெண்ணை இமைப்பொழுதும் சோராது காக்கின்றன. காரவுணவு உண்டு குருதியைக் காரமாக்கி நோய்களை ஓட்டலாம் என்று இக்காலத்தில் சிலர் கூறுவர். உணவால் மாறுவது பெரும்பாலும் சிறுநீரின் தன்மையே. நலமுற்ற உடலில் குருதியின் எண் அசைவதில்லை.

அளவு உண்மையாகவே பிறழும் நோய்களும் உள. சிறுவர்க்கு வரும் ஒருவகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. குருதியில் சர்க்கரை ஏறும். உயிரணுக்களோ அதனைப் பயன்கொள்ள இயலாமல் பட்டினி கிடக்கும். உடற்கொழுப்பு மிகுதியாக எரிந்து அமிலம் பெருகும். இந்நோயாளியிடம், “பித்தத்தைத் தணித்தால் போதும்” என்று கூறி ஊசியை நிறுத்தச் செய்தால் சில நாட்களிலேயே உயிர்க்கு இறுதி நேரக்கூடும். கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் 1921-இல் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில், எலும்பும் தோலுமாய் மெலிந்து கிடந்த லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. முதல் ஊசி உரிய பயன் தரவில்லை. காலிப் என்பார் மருந்தை மேலும் தூய்மைப்படுத்தினார். 12 நாள் கழித்து மீண்டும் செலுத்தியபோது சிறுவனின் குருதிச் சர்க்கரை தணிந்தது. சிறுநீரில் சர்க்கரை ஏறக்குறைய மறைந்தது. அதன்பின் அவன் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.