டர்போ கார் கரும்புகை விடுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

டர்போ பெட்ரோல் கார் ஒண்ணு. ஆக்சிலரேட்டரை அழுத்தினா சைலன்சர்ல கரும்புகை. ஐடில்ல நின்னா பெட்ரோல் வாடை. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா கரி. ஸ்கேனர் மாட்டினா பி 0172, அதாவது மிக்ஸ்சர் ரொம்ப ரிச். இந்தக் கோடைப் பார்த்ததும் பல இடங்கள்ல முதல்ல மாத்துறது ஆக்சிஜன் சென்சாரைத்தான். சேதி கொண்டுவந்த தபால்காரரை மாத்தினா சேதி மாறுமா?

கொஞ்ச நாள் அப்படியே ஓட்டலாம்னு நினைக்காதீங்க. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிடும், கீழே இறங்கி எஞ்சின் ஆயிலைத் தண்ணியாக்கும். மிச்சம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சா அதோட உள்பகுதி உருகிடும். கண்டுபிடிக்கத் தாமதமானா செலவு ஒரு ஹோஸ் கிளாம்ப்ல இருந்து கன்வெர்ட்டர் வரைக்கும் ஏறிடும்.

எதை ரிச்னு சொல்றோம்?

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். அந்த விகிதத்துக்கு லாம்டா 1. அதுக்குக் கீழே போனா ரிச். ஆனா ஒரு விஷயம்: முழு பூஸ்ட்ல ஈசியூ வேணும்னே லாம்டாவை 0.8, 0.85 பக்கம் இறக்கும். பிஸ்டன், டர்பைன் எல்லாம் சூட்டுல போகக் கூடாதுன்னு செய்யற ஏற்பாடு அது. அதனால ஃபுல் த்ராட்டில்ல மட்டும் ரிச்சா இருந்தா அது கோளாறுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

காற்று எங்க அளக்கப்படுது?

உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வேகன் குரூப்போட 1.8 டி எஞ்சினை எடுத்துக்கலாம். 1781 சி.சி., சிலிண்டருக்கு 5 வால்வு. நம்ம ஊர்ல முதல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 150 குதிரைசக்தியோட வந்தது இந்த எஞ்சின்லதான். இதுல ஏர் ஃபில்டருக்குப் பக்கத்துலயே மேஃப் சென்சார். அதைத் தாண்டின காற்று டர்போ, இன்டர்கூலர், த்ராட்டில், மேனிஃபோல்டு வழியா சிலிண்டருக்குப் போகுது.

இப்ப யோசிங்க. இன்டர்கூலர் ஹோஸ்ல ஒரு கிழிசல். பூஸ்ட் வந்ததும், ஏற்கனவே அளந்து கணக்குல எழுதின காற்று வெளியே ஓடிடுது. ஈசியூவுக்கு அது தெரியாது, முழுக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் அடிக்குது. காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு, மிக்ஸ்சர் ரிச்.

மேஃபுக்குப் பதிலா மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிற எஞ்சின்ல இந்தக் கணக்கு செல்லாது. அங்க உள்ளே மிச்சம் இருக்கிற அழுத்தத்தைத்தான் சென்சார் பார்க்குது. அதனால முதல் கேள்வி எப்பவும்: இந்த வண்டில மேஃப் இருக்கா, இல்லையா?

"ஃப்ஸ்ஸ்" சத்தத்துக்காக ஆசைப்பட்டு ப்ளோ ஆஃப் வால்வு மாட்டுறவங்களும் கவனிங்க. கம்பெனி டைவர்ட்டர் வால்வு அந்தக் காற்றை டர்போவுக்கு முன்னாடியே திருப்பி விடும். நீங்க மாட்டினது வெளியே விட்டுடும். ஒவ்வொரு தடவை காலை எடுக்கும்போதும் அந்த நேரத்துக்கு மிக்ஸ்சர் ரிச் ஆகும்.

ஸ்கேனர்ல எதைப் பார்க்கணும்?

ஃப்யூவல் ட்ரிம். மைனஸ்ல இருந்தா ஈசியூ பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். எஞ்சின் நல்லா சூடானதுக்கு அப்புறம் ரெண்டு நிலைமைல குறிச்சுக்கோங்க: ஐடில்ல ஒண்ணு, ரோட்டுல லோடோட ஒண்ணு.

1. ஐடில்ல மட்டும் பெரிய மைனஸ்: எங்கிருந்தோ கொஞ்சம் பெட்ரோல் சும்மா வருது. ஐடில்ல தேவையே குறைவு, அதனால அந்தக் கொஞ்சம் பெரிசாத் தெரியும். ஒழுகுற இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு, பெட்ரோல் கலந்த ஆயில்னு சந்தேகப்படுங்க. பர்ஜ் ஹோஸை நசுக்கிப் பிடிங்க. ட்ரிம் பூஜ்யத்துக்குத் திரும்பினா ஆள் அகப்பட்டாச்சு. டிப்ஸ்டிக்கையும் எடுத்து மோந்து பாருங்க.

2. லோடுல மட்டும் மைனஸ்: டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல லீக்.

3. ரெண்டுலயும் மைனஸ்: ஃப்யூவல் பிரஷர் அதிகம், இல்லன்னா மேஃப் அதிகமாக் காட்டுது. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பிரஷர் ரெகுலேட்டரோட வேக்கம் ஹோஸைக் கழட்டுங்க. உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. மேஃபுக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு: முழு பவர்ல ஒரு குதிரைசக்திக்கு விநாடிக்கு 0.8 கிராம் காற்று. 150 குதிரைசக்திக்கு 120 கிராம் பக்கம் வரணும்.

4. ட்ரிம் பிளஸ்ல இருக்கு, ஆனா கரும்புகை வருது: சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல லீக் இருக்கலாம், மிஸ்ஃபயரும் இருக்கலாம். ரெண்டுலயும் எரியாத ஆக்சிஜன் சென்சார்ல படும். அது லீன்னு சொல்லும், ஈசியூ நம்பி இன்னும் ஊத்தும்.

இதோட கூலன்ட் டெம்பரேச்சரையும் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில அது வெளிக்காற்றோட வெப்பத்துக்குப் பக்கத்துல இருக்கணும். சூடான எஞ்சின்லயும் குளிர்னு காட்டினா, ஈசியூ வார்ம் அப் பெட்ரோலை நிறுத்தவே நிறுத்தாது.

லீக்கைப் பிடிக்கிறது எப்படி?

எஞ்சின் ஆஃப். மேஃபுக்கு அப்புறம் இருக்கிற பைப் வாயை ஒரு மூடியால அடைச்சு, அதுல டயர் வால்வு வச்சு கம்ப்ரஸர் காற்றை மெதுவா ஏத்துங்க. வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாதீங்க. ஜாயின்ட்ல எல்லாம் சோப்புத்தண்ணி தெளிங்க. நுரை வர்ற இடம்தான் லீக். திறந்திருக்கிற வால்வு வழியா எக்ஸாஸ்ட்ல லேசாக் காற்று வரும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க.

சரி செஞ்சதும் கோடை அழிச்சு, அதே ரோட்டுல அதே லோடுல ட்ரிம்மை மறுபடி குறிச்சுப் பாருங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தாத்தான் வேலை முடிஞ்சது. பெட்ரோல் கலந்த ஆயிலையும் மாத்திடுங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு கணக்கு. மேஃப் இருக்கிற டர்போ எஞ்சின், ஐடில்ல ட்ரிம் +9, பூஸ்ட்ல −12. ஒரே ஒரு லீக்தான். அது த்ராட்டிலுக்கு எந்தப் பக்கம்? ஐடில்ல மேனிஃபோல்டுக்குள்ள வேக்கம், பூஸ்ட்ல அழுத்தம். இந்தக் குறிப்பு போதும், பேப்பர்ல படம் போட்டுப் பாருங்க.