இடுப்பு வலியும் வேலைக்குத் திரும்புதலும்



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போகப்போவது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம்தான். பாரம் தூக்கும் வேலை அங்கே ஏராளம். ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய் வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "இடுப்பு பிடிச்சுக்கிச்சுப்பா" என்பார்கள். 2020-ல் உலகில் ஏறக்குறைய 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. மாத்திரையை மட்டும் நம்பாமல் இதற்கு என்ன செய்யலாம் என்று காண்போம்.

நாம் படித்த மெக்கானிக்ஸ்

திருப்புத்திறன் = விசை × செங்குத்துத் தூரம். 20 கிலோ பாரம் என்றால் சுமார் 200 நியூட்டன். அதை இடுப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 100 நியூட்டன்-மீட்டர். முதுகுத் தசைக்குக் கிடைக்கும் நெம்புகரமோ ஏறக்குறைய 5 செ.மீ.தான். ஆகவே தசை இழுக்க வேண்டியது 2000 நியூட்டன்! அதே பாரத்தை 25 செ.மீ.க்கு அணைத்துப் பிடித்தால் அது பாதியாகிவிடும்.

படுக்கை மருந்தல்ல

என் அப்பா லோடு இறக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி. வலி வந்தபோது ஆளாளுக்கு, "அசையாம படு, பெல்ட் போடு" என்றார்கள். ஒரு மாதம் படுத்ததில் கூலியும் போச்சு, காலில் தெம்பும் போச்சு. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அந்த மாதம் என் படிப்பே நின்றுவிடுமோ என்று அம்மா பயந்தார். பிறகு பிசியோதெரபி செய்பவர் ஒருவர் சொல்லித்தர, தினமும் நடை, இடுப்புக்கான பயிற்சி என்று மெல்ல மெல்லத்தான் அப்பா எழுந்தார்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் நோயைப் புரியவைத்தல், உடற்பயிற்சி, மசாஜ், வலி பற்றிய பயத்தைப் போக்கும் மனநலப் பயிற்சி ஆகியவற்றைச் சொல்கிறது. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு.

எச்சரிக்கை: கால் மரத்துப்போதல், கால் பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சல், கீழே விழுந்தபின் வந்த வலி இவை இருந்தால் பயிற்சி செய்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேலைக்குத் திரும்ப

வலி முழுக்கப் போகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. படிப்படியாகத் திரும்பலாம்.

1. முதலில் குறைந்த நேரம், லேசான வேலை.
2. பாரத்தைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர மேஜையில் வைத்தல்.
3. டிராலி, செயின் பிளாக், இல்லையேல் இருவர் சேர்ந்து தூக்குதல்.
4. ஒரே நிலையில் நிற்காமல் அடிக்கடி நிலை மாற்றுதல்.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு, தகுதி இருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லாத கூலிக்காரர் வலியோடேயே வேலைக்குப் போகிறார்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம். "பத்து நாளைக்கு லேசான வேலை குடுங்க சார்" என்று அப்பா வயதுள்ள ஒருவர் வந்து நிற்பார். அன்றைக்கு அவருக்கு ஒரு டிராலியும் பத்து நாளும் கொடுப்பது நம் கையில்தான் இருக்கும். மறவாதிருப்போம்!