பெருந்தொற்றுக் காலத்தில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை: எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. நாள் குறிக்கப்பட்டிருந்த முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைகள் பலவும் அப்போது தள்ளிவைக்கப்பட்டன. அதன் காரணத்தை அறிந்திருப்பது, இத்தகைய நெருக்கடி மீண்டும் நேர்ந்தால் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் துணைபுரியும்.

இந்த அறுவை சிகிச்சைக்கு மயக்கவியல் மருத்துவரும், சுவாசக் கருவியும், இரத்தமும், சிலருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையும் தேவை. தொற்று பரவியபோது மூச்சுத்திணறலோடு வந்தவர்களுக்கே இவற்றுள் பல முதலில் வேண்டியிருந்தன. மேலும், தொற்று உள்ளவருக்கு அறுவை செய்தால் நுரையீரல் பாதிப்பு கடுமையாகும் ஆபத்தும் இருந்தது. தொற்று உறுதியான நாளிலிருந்து குறைந்தது 7 வாரங்களேனும், இயன்றவரை, பொறுத்திருப்பது நல்லது என 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

எனவே மருத்துவர்கள் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தனர். நெடுநாள் முதுகுவலி, படிப்படியாக வளரும் கூன் போன்றவை காத்திருக்கலாம். மருந்துக்கு அடங்காத கடும் கால்வலியை அடிக்கடி கண்காணித்து, விரைவில் முடிவெடுக்க வேண்டும். நரம்புகளோ தண்டுவடமோ நசுங்கினால் பொதுமுடக்கத்திலும் உடனே அறுவை தேவைப்படலாம்.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்:

• சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீர், மலம் தன்னையறியாமல் வெளியேறுதல்
• பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளில் மரத்துப்போதல்
• கை, கால்களில் பலவீனம் கூடிக்கொண்டே போதல், நடை தள்ளாடுதல்
• விபத்துக்குப் பின் கழுத்திலோ முதுகிலோ கடும் வலி
• முதுகுவலியோடு காய்ச்சல் அல்லது எடை குறைதல்

தொற்றுக்கு அஞ்சி இவற்றை வீட்டிலேயே பொறுத்துக்கொள்வது பெருந்தீங்கு. நசுங்கிய நரம்பு நாள் கடந்தால் மீளாமலே போகக்கூடும்.

காத்திருக்கும் நோயாளிகள் தொலைபேசி வழி ஆலோசனையைத் தவறவிடாதீர்கள். படுத்தே இருக்காமல் இயன்ற அளவு நடங்கள். மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளாதீர்கள். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்து எடுப்போர் ஒருநாளும் இடையில் நிறுத்தக் கூடாது. பராமரிப்போர் நோயாளியின் நடையையும் சிறுநீர் கழிப்பையும் நாள்தோறும் கவனித்து, மாற்றம் தெரிந்தால் குறித்த நாள்வரை காத்திராமல் எங்களுக்குத் தெரிவியுங்கள்.