வலப்பக்கம் வருபவனுக்கு வழி விடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பைக்கில் எட்டுப் போட்டு, காரும் ஓட்டிக்காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். படிக்க ஜெர்மனி வரும்போது அது இங்கே செல்லுமா என்று கேட்டாயாம். செல்லும், குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை. கூடவே நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமமும் வாங்கி வா. ஆறு மாதத்துக்குப் பிறகு இங்கே எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டும் உண்டு.

லைசென்ஸ் மாற்றுவது சுலபம், பழக்கத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. நம்மூரில் ஆலங்குளம் சிமென்ட் ஆலை லாரிக்காரர் ஹெட்லைட்டை அடித்தால், 'நான் வர்றேன், ஒதுங்கு' என்று பொருள். இங்கே பெரும்பாலும் 'நீ போ' என்று பொருள். வந்த புதிதில் எதிரே ஒருவர் லைட் அடித்ததும் பிரேக்கை மிதித்து நின்றேன். அவரும் நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸில் நம்மைப் போல இடப்பக்கம். மற்ற ஐரோப்பிய நாடுகளில் வலப்பக்கம். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அதிகாலையில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் வலப்பக்கத்துக்கு மாறியது. ஜெர்மனி விரைவுச் சாலையில் பல இடங்களில் வேக வரம்பே இல்லை. பிரான்ஸில் 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. ஆஸ்திரியாவின் விரைவுச் சாலையில் ஏறுமுன் கட்டண வில்லை வாங்கியாக வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதில், ஜெர்மனியில் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் எல்லை. செக் நாட்டில் துளியும் கூடாது. 21 நிரம்பாத உனக்கு ஜெர்மனியிலும் துளியும் கூடாது.

இவையெல்லாம் படித்தால் வந்துவிடும். படித்தும் எனக்கு வராதது ஒன்று உண்டு. பலகையோ சிக்னலோ இல்லாத தெருமுக்கில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் வழி. ஒருநாள் வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான். என் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. நான் நிற்பேன் என்று அவ்வளவு நம்பிக்கை! சாலை விதி என்பது முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கான ஏற்பாடு என்று அன்றுதான் உறைத்தது.

அப்படிப்பட்ட தெருமுக்கில் வலப்பக்கம் வருபவருக்கு வழி விடு என்றுதான் நம் நாட்டுச் சட்டமும் சொல்கிறது. லாரியின் பருமனைப் பார்த்து வழிவிட்டுப் பழகிய நமக்கு அது மறந்துபோனது. ஆகவே விசா வரும்வரை காத்திராதே. நாளைக்கே ராஜபாளையம் போகிற வழியில், வலப்பக்கம் ஒரு சைக்கிள்காரர் வந்தால் நின்று வழி விடு. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

அன்புடன்,
உன் மாமா