ஆறாம் மாதத்துப் பை

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் ஆலயத்துக் காணிக்கைப் பை கனப்பதுபோல் கிறிஸ்துமஸ் ஆராதனையிலுங்கூடக் கனப்பதில்லை என்று சொன்னால் வெளியூர்க் கிறிஸ்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சிவகாசியை அடுத்த சிறிய சபையொன்றில் இருபத்திரண்டு வருஷகாலம் ஏழைகள் நிதிக்குக் கணக்கு எழுதிவந்த எனக்கு அது ஐப்பசி மழையைப்போல நிச்சயமான சங்கதி. பட்டாசு ஆலைகளில் போனஸ் போடுவது அப்பொழுதுதான். சரவெடி பின்னுகிறவளும், பெட்டி ஒட்டுகிறவளும், லாரிக்குச் சுமை ஏற்றுகிறவனும் மொத்தமாய் ரூபாயைக் கண்ணால் பார்ப்பது வருஷத்தில் அந்த ஒரு வாரந்தான். பண்டிகை கழிந்ததும் ஆலைகள் சில வாரம் அடைத்துக் கிடக்கும். திறந்த பிறகும் மழை பிடித்துக்கொண்டால், உலர்த்த வெயிலில்லாமல் வேலைநாள் குறையும். ஆகவே கிறிஸ்து பிறப்பை நாங்கள் கொண்டாடும் காலமே எங்கள் ஜனங்களின் கை வறண்டிருக்கும் காலம். இதை உணராமல் முதல் நாலைந்து வருஷம் டிசம்பரில் வசூலித்து டிசம்பரிலேயே சேலையும் வேட்டியுமாய்க் கொடுத்துவந்தேன். ஐப்பசியில் வாங்கிக் கார்த்திகையில் கொடுக்கவேண்டும், அதுவும் மளிகைச் சாமானாய்க் கொடுக்கவேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர், மணியடித்துக் கோயில் கூட்டுகிற எங்கள் கோயில்பிள்ளை.

பிடியரிசி விஷயத்திலும் நான் பாடம் கேட்டதுண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிறுதோறும் அதை ஆலயத்துக்குக் கொண்டுவருவது நம் தென்பாண்டிச் சபைகளின் பழைய வழக்கம். தர்மம் என்பதைப் பாதிரிமார் கப்பலேற்றிக் கொண்டுவந்ததாக எண்ணும் எங்களவர் சிலர், விருதுநகர் வரைக்கும் போய் வந்தால் நல்லது. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி வளர்ந்த பள்ளிக்கூடம்; பஜாரில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமைப் பணம் அவ்வூரில் எத்தனையோ பொதுக்காரியங்களுக்கு ஆதாரமாய் இருந்திருக்கிறது. நிற்க, நான் சொல்லவந்தது அரிசியைப் பற்றி. பொன்னியும், புழுங்கலும், பச்சரிசியும், ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் விழுந்து கலந்த அந்த அரிசியை அப்படியே அளந்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பது புண்ணியம் என்றிருந்த என்னிடம், ஒரு நாள் வீதியில் எதிர்ப்பட்ட ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. பாதி குழையுது, பாதி நறுக்குனு நிக்குது. கோழிக்குத்தான் போட்டேன்." 2011-இலிருந்து நியாயவிலைக் கடையில் விலையில்லாமலே அரிசி கிடைக்கிற நாட்டில், இல்லாதிருந்தது எண்ணெயும் பருப்புமே. இப்பொழுது அந்தச் சாக்கை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிறோம். மாவரைக்கிறவர்களும் கோழி வளர்க்கிறவர்களும் போட்டி போட்டு எடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் எண்ணெயும் பருப்பும் வாங்குகிறோம்.

இனி என் பெரிய பிழை. காணிக்கைப் பட்டியலை ஆராதனையின் முடிவில் பெயரும் தொகையுமாக வாசிப்பது எங்கள் சபையின் சம்பிரதாயமாக இருந்தது. என் குரல் சற்றுக் கணீரென்றிருக்கும் என்பதால் அந்த உத்தியோகமும் எனக்கே வாய்த்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை இந்த வயதில் மறைப்பானேன். ஓர் அறுப்பின் பண்டிகையன்று, கணவனை இழந்து, வீட்டிலிருந்தபடியே காகிதக் குழாய் உருட்டிப் பிழைத்துவந்த ஒரு ஸ்திரீ கொடுத்த இருநூறு ரூபாயை, ஏழையின் காணிக்கையும் சபையில் மதிக்கப்படவேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, ஒரு முறைக்கு இரு முறை வாசித்தேன். அதன் பிறகு அவளை ஆலயத்தில் காணோம். சிறு தொகை என்று கூசியிருப்பாள் என ஊகித்துக்கொண்டு, ஆறுதல் சொல்ல ஒரு பிரசங்கத்தையும் மனத்தில் தயாரித்துக்கொண்டு, மூன்றாம் வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். பசை ஒட்டிய விரல்களைப் பழந்துணியில் துடைத்தபடி எழுந்து நின்றவள் சொன்னது இவ்வளவுதான்: "கொடுக்க மனசில்லாம இல்ல அண்ணாச்சி. எனக்கு வட்டிக்குக் கொடுத்தவரு முன் பெஞ்சிலதான் உக்காந்திருந்தாரு. மறுநாள் விடியுமுன்ன வாசல்ல வந்து நின்னுட்டாரு."

தயாரித்துவந்த பிரசங்கத்தை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். அன்று இரவு, காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையின் கதையை மாற்கு சுவிசேஷத்தில் எடுத்துப் படித்தபோது, அதற்கு முன் எத்தனையோ தடவை படித்தும் கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. இயேசு அவளைப் புகழ்ந்தது கூடியிருந்த ஜனக்கூட்டத்தைப் பார்த்தல்ல. தம் சீஷர்களை அருகே அழைத்துச் சொன்னார். அவள் பெயரும் அங்கே இல்லை. அந்த மாதமே பட்டியல் வாசிப்பதை நிறுத்தி, பெயரெழுதாத உறைகளை வைத்தோம். ரசீது வேண்டியவர்களுக்குத் தனியே ரசீது. பெரிய கொடைகள் இரண்டு அதனால் நின்றுபோயின. சிறு கொடைகள் பெருகின. ஆயினும் முதல் வருஷம் மொத்தத்தில் நஷ்டந்தான்.

கடைசியாக, விபத்துக்காலத்து உபகாரம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஒரே நாளில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டபோதும் சரி, அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகளிலும் சரி, முதல் பத்து நாள் சோற்றுக்கோ மனுஷருக்கோ குறைவிராது. சாதி மதம் பாராமல் ஊரே திரளும். ஆறாம் மாதத்தில் போய்ப் பாருங்கள். வெந்த தோல் சுருங்கி விரல்கள் மடங்கிப்போக, மறுபடியும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கவேண்டும். நோயாளிக்கும் துணைக்கும் பஸ் சார்ஜு, துணைக்கு வந்தவருடைய ஒரு நாள் கூலி நஷ்டம், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் காத்திருக்கிற பகல்கள். இதனாலேயே எந்த விபத்துக்கென்று வசூலானாலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்து, ஆறாம் மாதத்தில் எடுத்துக் கொடுக்கிறோம். கஷ்டப்படுகிறவன் கதவு தட்டும்போது பணத்தைப் பூட்டிவைப்பது விசுவாசமாகுமா என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார், நியாயமான கேள்விதான். மதுரைக்கு ஒரு தடவை அவரையே துணைக்கு அனுப்பினோம். திரும்பிவந்து பாதிப் பங்காக வைக்கலாம் என்றார்.

சபையல்லாதவர்களுக்கும் அந்தப் பணம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பழைய கதையொன்றைச் சொல்வது வழக்கம். மிஷனெரி தாமஸ் ராக்லாந்து 1854-இல் இந்தக் கரிசல்காட்டுக் கிராமங்களில் கூடாரமடித்து ஊழியம் தொடங்கியபோது, தெற்கேயிருந்த திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவிலேயே முறைவைத்து உபதேசிமாரை இங்கே அனுப்பின. அந்தச் சபைகள் செலவழித்தது தங்கள் சபையல்லாத ஜனங்களுக்காகத்தான்.

உங்கள் ஆலயத்தில் இன்னும் பட்டியல் வாசிக்கிறார்களானால், வாசிக்கிறவரை ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடிக்குத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லுங்கள். சபை நடுவில் எழுந்து சொல்லிவிடாதீர்கள். அவருக்கும் கடன்காரர் எவரேனும் முன் பெஞ்சில் இருக்கக்கூடும்.