டக்கென்னும் ஓசை எங்கிருந்து வருகிறது?

நம் மன்ற மலரில் குறளும் சிலம்பும் மணக்கும் பக்கங்களுக்கு நடுவே, கிரீஸ் நெடி அடிக்கும் கட்டுரை ஒன்றை எழுதப் புகுந்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். புவிப்பௌதிகம் பயிலும் எனக்குப் பாடநூலில் இல்லாத பாடம் ஒன்று எங்கள் துறையின் பிக்கப் வண்டிக்கு அடியில் கிடைத்தது. அதற்குத் துறை கட்டிய கட்டணம் ரூ. 14,000. அந்தப் பழி என்னையே சாரும்.

நில அதிர்வுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு இமயத்தின் அடிவாரத்து ஆற்றுப்படுகைகளில் செல்லும் வண்டி அது. கற்கள் அடிவயிற்றில் இடிக்கின்றன என்று, முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். உயர்த்திய மறுநாளே முன்சக்கரத்துப் பக்கம் ‘டக் டக்’ என்றது. “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார்கள் உயர்த்திக் கொடுத்தவர்கள். ஓடியது, சரியாகவில்லை. ஷாக் அப்சார்பர்தான் போய்விட்டது என்று நான் உறுதியாகச் சொல்லி, புதிய இரண்டை வாங்கி மாட்டச் செய்தேன். ‘டக்’ அப்படியே இருந்தது; புதிதாக ‘கிறீச்’ என்பதும் சேர்ந்துகொண்டது!

நாணிப் போய், எந்திரவியலில் ஆராய்ச்சி செய்யும் நெல்லை அண்ணன் ஒருவரிடம் சென்றேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை.

“தம்பி, சத்தம் கேட்டதும் சாமான் வாங்கப் போனாயே, அது எப்போதெல்லாம் கேட்கிறது என்று எழுதி வைத்தாயா?”

“இல்லை அண்ணா.”

“நிலநடுக்கம் எங்கே என்று கேட்டால் ஒரே நிலையத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிடுவாயா?”

சொல்ல முடியாது. குறைந்தது மூன்று நிலையங்களாவது வேண்டும் என்பது எங்கள் முதற்பாடம். இரும்பில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடுகிறது. காற்றிலோ ஒரு கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். எங்கோ ஒரு நட்டு அசைந்தாலும் வண்டியின் சட்டம் முழுவதும் சேர்ந்து ஒலிக்கிறது. உள்ளே அமர்ந்திருப்பவன் காதை நம்பினால் கெட்டான்.

இனி அமைப்பைப் பார்ப்போம். இவ்வகை வண்டியில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேற்கை, கீழ்க்கை என்னும் இரண்டு இரும்புக் கைகள் சட்டத்தோடு பிணைக்கின்றன. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், கீழ்க்கையின் நடுப்பகுதியில் ஊன்றி, உச்சியில் சட்டத்தோடு இணைகிறது. அந்த உச்சியில் ஒரு கனமான வட்டைச் செருகுவதே மலிவான உயர்த்தல் முறை. கீழ்க்கை ஒரு நெம்புகோல் அன்றோ? தூண் அதன் பாதியில் ஊன்றியிருப்பதால் 25 மி.மீ. வட்டு வண்டியை ஏறத்தாழ 50 மி.மீ. உயர்த்துகிறது. ஆதாயமாகத் தோன்றுகிறது. ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் முன்னைவிட அவ்வளவு தாழத் தொங்கும். மேற்கை, பால் ஜாயின்ட், ஆக்ஸில் மூட்டு ஆகிய யாவும் தமக்கு விதித்த கோணத்தைத் தாண்டி வளைய வேண்டியிருக்கிறது. இதனை நான் வட்டைச் செருகுமுன்பே யோசித்திருக்கலாம்.

அண்ணன் சொற்படி, ஓட்டுநரும் நானும் ஒரு காலை முழுவதும் வளாகத்தில் சுற்றினோம். ஒரே ஓசை என்று நினைத்தது மூன்றாகப் பிரிந்தது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சிறு பள்ளத்தில் விழுந்தால் மெல்லிய லொடலொடப்பு. வேகத்தடையிலிருந்து இறங்கிச் சக்கரங்கள் கீழே நீளும் கணத்தில் கனமான ‘டக்’. நின்ற வண்டியை அமுக்கி ஆட்டினால் ‘கிறீச்’. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து ஓட்டினால் ‘கிளிக் கிளிக்’ என்று வருமா என்றும் பார்த்தோம். வந்திருந்தால் ஆக்ஸில் மூட்டைச் சந்தேகித்திருக்க வேண்டும். நல்லவேளை, வரவில்லை.

லொடலொடப்பு எளிதில் அகப்பட்டது. இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்குகளைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டினோம், ஓசை மறைந்தது. ஒரு லிங்கின் நட்டு முழுதும் இறுகாமல் இருந்திருக்கிறது. உரிய அளவுக்கு முறுக்கி, நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இட்டோம். மீண்டும் தளர்ந்தால் கோடு பிரிந்து காட்டும்.

கிறீச்சுக்குக் காரணம் நானே! கைகளின் அடியில் உள்ள ரப்பர் புஷ், உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டியது. அது சுழல்வதில்லை, முறுகுகிறது. ஷாக் அப்சார்பர் மாற்றியபோது கீழ்க்கையின் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று முனகியது. விட்டிருந்தால் கிழிந்தும் இருக்கும். சக்கரங்கள் பாரம் தாங்கி நிற்கையில் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை நாலு முறை அமுக்கி ஆட்டி, பிறகு இறுக்கினோம். முனகல் போயிற்று.

எஞ்சியது அந்தக் கனமான ‘டக்’. சுருள்வில்லில் மேற்கைக்கு எதிரே உள்ள சுற்றுகளில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, வேகத்தடையை ஐந்து முறை தாண்டினோம். பிறகு சட்டத்தைத் தூக்கித் தாங்கிகளின் மேல் நிறுத்தினோம். (ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் புகவேண்டாம்.) சுண்ணாம்பு ஒரே இடத்தில் உதிர்ந்து, மேற்கையின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. தரையில் நிற்கும்போது அங்கே ஒரு விரல் இடைவெளி. தொங்கும்போது ஒரு தாள்கூட நுழையவில்லை. ஒவ்வொரு முறை சக்கரம் இறங்கும்போதும் கை வில்லில் மோதியிருக்கிறது.

அதைவிட நெஞ்சை உலுக்கியது பக்கத்திலேயே இருந்தது. மேல் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே வழிந்து மண் ஏறிக் கிடந்தது. சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்தால், பொருந்தியிருக்க வேண்டிய மூட்டு சற்றே ஆடிற்று. மூட்டு தேய்ந்து கழன்றிருந்தால் சக்கரம் மடங்கிவிடும். அடுத்த வாரம் நாங்கள் ஐவர், ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான சாலையில் அவ்வண்டியில் போவதாக இருந்தோம்.

கோணம் திருத்திய வேறு மேற்கை போட்டால் உயரத்தைக் காக்கலாம் என்றேன். அண்ணன் ஒப்பவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை இப்படி மாற்றலாமா என்று துறைத்தலைவரிடமே கேட்டுவிட்டார். வட்டுகள் அன்றே கழன்றன. புதிய பால் ஜாயின்ட்டுகள் ஏறின. சக்கரக் கோணங்களைச் சரிபார்த்தார்கள். எங்கள் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று.

இப்போது ஆற்றுப்படுகையில் மறுபடியும் கற்கள் அடிவயிற்றில் இடிக்கின்றன. ஓட்டுநர் இறங்கி, பெரிய கல்லைக் காலால் புரட்டிவிட்டு ஏறிக்கொள்கிறார்.