பொறியியல் பட்டம் கையில். மலையகப் பிள்ளை அடுத்து என்ன செய்யலாம்?

பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியல் முடித்து ஹட்டன், நுவரெலியா பக்கம் திரும்பும் தம்பி தங்கைகளிடம் தோட்டத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கவர்மெண்டு வேலை எப்போ?" அந்தக் கேள்விக்குப் பயந்து கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம்.

முதலில் பதிவு. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியலாளராகத் தொழில் செய்ய இலங்கைப் பொறியியற் பேரவையில் பதிய வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்திலும் உறுப்பினராகுங்கள். பட்டயப் பொறியியலாளராகும் பாதை அங்கே தொடங்குகிறது. உங்கள் பட்டம் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். 2014 இல் இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதனால் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளிலும் மதிப்புண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள்தொட்டு செய்ததையெல்லாம் திகதியோடு குறித்து வையுங்கள். பட்டய நேர்முகத்தில் அதைத்தான் துருவுவார்கள்.

அடுத்து சிங்களம். பேசத் தெரிந்தால் போதாது, அறிக்கை வாசித்து எழுதத் தெரிய வேண்டும். அரச சேவையில் இரண்டாவது அரச கரும மொழித் தேர்ச்சியைக் கட்டாயம் கேட்கிறார்கள்.

அரச வேலைக்கு இலங்கைப் பொறியியல் சேவைப் பரீட்சை, நீர்வழங்கல் சபை, வீதி அபிவிருத்தி அதிகாரசபை எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீரில் ஓடும் லக்ஷபான மின்நிலையங்களும், தலவாக்கலையின் 150 மெகாவாட் மேல் கொத்மலையும் நம் வாசலிலேயே இருக்கின்றன. 2024 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தால் துறை மறுசீரமைக்கப்படுவதால், புதிய கம்பனிப் பெயர்களில் வரும் விளம்பரங்களையும் கவனியுங்கள். சிவில் படித்தவர்களுக்கு மண்சரிவு ஆய்வு பெரிய துறை. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தை லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த மலைகளைத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

வெளிநாடு போவதென்றால் முகவருக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நான் அழுத்திச் சொல்வது தேயிலை ஸ்டோரைப் பற்றி. இயந்திரவியல், மின்னியல் படித்தவர்கள் அதைத் திரும்பியே பார்ப்பதில்லை. கொழுந்து வாட்டும் ட்ரஃபின் அடியில் மின்விசிறி மணிக்கணக்காக ஓடுகிறது. கொழுந்து வாட வாட அவ்வளவு காற்றுத் தேவையில்லை. ஆனாலும் பல இடங்களில் வேகம் மாறுவதில்லை. விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடிக் குறையும். ஆகவே வேகத்தை 20 வீதம் குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய பாதியாகும். டிரையர் அடுப்பில் ஈர விறகைப் போட்டால் அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பம் வீணாகிறது.

தோட்டத் துரையிடமும் டீமேக்கரிடமும் அனுமதி கேளுங்கள். ஒரு வாரத்து மின்மானி அளவையும் விறகுக் கணக்கையும் எடுத்து, எவ்வளவு மிச்சமாகும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வெறும் சான்றிதழைவிட அந்தப் பக்கம் உங்களுக்காக அதிகம் பேசும். அனுபவம் சேர்ந்ததும் நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் வலுக் கணக்காய்வாளர் அங்கீகாரத்துக்கு முயலலாம். அதன்பின் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சுயமாகத் தொழில் செய்யவும் வழியுண்டு. அம்மா பறித்த கொழுந்து போகும் ஸ்டோருக்குள் பிள்ளை பொறியியலாளராக நுழைவதுதான் நியாயம். விண்ணப்பங்களுக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல், பக்கத்துத் தொழிற்சாலைக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்.